2060-இல் நம் மலைக்கு என்ன சத்தம்?

சாரல் | 2026 ஜனவரி 10

காலநிலை மாறிய எதிர்காலத்தை, 2060-ஐ, ஒலிக்கதையாகவும் பாட்டாகவும் இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளோடு சேர்ந்து செய்கிறார்கள் என்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு விளங்கவில்லை. நவம்பர் கடைசியில் டிட்வா புயல் அடித்துப் போனதில் இன்னும் சொந்த இடத்துக்குத் திரும்ப முடியாத குடும்பங்கள் இருக்கின்றன. அடுத்த மழைக்கு லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) சுவர் நிற்குமா என்று பார்க்கிறவர்களுக்கு 2060 எதற்கு? கதை கேட்டால் மண் சரியாமல் நின்றுவிடுமா?

பீலிக்கரை | ஜனவரி 10, இரவு

அந்த வேலையைச் செய்கிறவர்களில் நானும் ஒருவர். பதில் சொல்ல வேண்டிய கேள்விதான்.

கதை கேட்டு மண் நிற்காது. ஆனால் 2014 ஒக்டோபர் 29-ஐ நினைத்துப் பாருங்கள். கொஸ்லாந்தை மீரியபெத்தையில் காலை நேரத்தில் மலை இறங்கி லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று முன்கூட்டியே சொல்லப்பட்டிருந்தது. எச்சரிக்கை காகிதத்தில் இருந்தது, சனம் லயத்தில் இருந்தது. போன நவம்பரில் கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் ஒரே நேரத்தில் பல இடங்களில் சரிந்தபோதும், "இது நமக்கும் வரும்" என்று அதற்கு முன் உட்கார்ந்து பேசியிருந்த வீடுகள் எத்தனை? மனதில் ஒருமுறைகூட ஓடிப் பார்க்காத ஒன்று கண்முன்னே நடக்கும்போது கால் எழும்பாது. நடக்கும் முன்பே அதைக் காதால் கேட்டிருக்க வேண்டும். எங்கள் வேலையின் முதல் பாதி அதுதான்.

2060 இரண்டாவது பாதி. அது வேறு விஷயம், அதற்கு வருகிறேன்.

பீலிக்கரை | ஜனவரி 11

"வீடியோ செய்யலாமே, பிள்ளைகள் அதைத்தானே பார்க்கிறார்கள்" என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார்.

தம்பி, மூடுபனி இறங்கிய பிறகு மலையில் கண்ணுக்கு என்ன வேலை? பத்தடிக்கு அப்பால் நிற்கிறவரைக் குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறோம். அந்தக் காலத்தில் பெரட்டுக்கு (காலையில் வேலைக்கு ஆள் கூடுவதற்கு) தப்பு என்ற பறையை அடித்து ஆளை எழுப்பினார்கள். கொழுந்து மடுவத்தில் நிறுக்கும் குரல், ஸ்டோர் (தேயிலைத் தொழிற்சாலை) சங்கு, பீலியில் (ஊற்றுத் தண்ணீர் விழும் இடத்தில்) குடம் நிறையும் சத்தம் என்று தோட்டத்தில் நேரம் காட்டுவதெல்லாம் காதுக்கு வருகிறவைதான். மண்சரிவுக்கும் அதே கதை. ஓடையின் இரைச்சல் திடீரென்று கூடினால், அல்லது மழை கொட்டிக்கொண்டிருக்கும்போதே குறைந்தால், மேலே எங்கோ ஏதோ அசைந்திருக்கிறது அல்லது அடைபட்டிருக்கிறது. மரம் முறிகிற ஓசை, கல்லோடு கல் மோதுகிற ஓசை, இரண்டும் இருட்டில் வருகிறவை. நிலம் வெடித்திருப்பதையும் ஊற்றுத் தண்ணீர் கலங்குவதையும் பகலில் பார்க்கலாம். இரவு இரண்டு மணிக்குக் காதை விட்டால் வேறு துணை இல்லை.

அப்புறம் செலவு. ஒலிக்கு ஒரு போன் போதும்.

பீலிக்கரை | ஜனவரி 13

2060-ஐப் பற்றி.

எதிர்காலம் என்றாலே நம்மவர்களுக்கு அது வேறு யாருடையதோ மாதிரி இருக்கிறது. ஆனால் ஒரு பயிர் செத்து உலகமே தலைகீழான அனுபவம் இந்த மலைக்கு ஏற்கெனவே உண்டு. நம் முன்னோர் தலைமன்னாரில் இறங்கிக் காட்டு வழியே நடந்து மாத்தளைக்கு வந்தது தேயிலைக்காக இல்லை, கோப்பிக்காக. 1869-இல் கோப்பியில் இலைத்துரு நோய் தென்பட்டது. அடுத்த பத்துப் பதினைந்து வருடத்தில் கோப்பி படுத்துவிட்டது. இடையில் சிங்கோனாவை நட்டுப் பார்த்தார்கள், அதன் விலையும் விழுந்தது. 1867-இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் நட்ட தேயிலைதான் கடைசியில் மலையை மூடியது.

இதில் பிள்ளைகளிடம் நான் அழுத்திச் சொல்வது ஒன்று. கோப்பிக்குப் பழம் பறிக்கிற காலத்தில்தான் ஆள் அதிகம் வேண்டும். வேலை முடிந்ததும் பலர் ஊருக்குத் திரும்பினார்கள். தேயிலைக்கு வருடம் முழுக்கக் கொழுந்து எடுக்க வேண்டும். அதனால் குடும்பத்தோடு லயத்தில் தங்கினார்கள். நாம் இங்கே நிலையாக வேர்விட்டதில் பயிர் மாறியதற்குப் பெரிய பங்கு உண்டு. அப்படியென்றால் அடுத்த மாற்றம் நம்மை என்ன செய்யும்? ஏறத்தாழ 22 பாகை செல்சியஸ் வரை தேயிலை விளைச்சல் ஏறும், அதைத் தாண்டினால் இறங்கும் என்கின்றன இங்கே செய்த ஆய்வுகள். உயரம் கூடக் கூடக் குளிரும் கூடும், அதனால் மலைச்சரிவில் ஒவ்வொரு நூறு அடியும் இனி கணக்கு. பிள்ளைகள் கதை எழுதத் தொடங்குவது இந்த இடத்திலிருந்துதான்: "எங்கள் மலையில் கொழுந்து வராமல் போனால் நாங்கள் எங்கே இருப்போம், என்ன செய்துகொண்டிருப்போம்?"

கோப்பி சாகும்போது கூலியாட்களிடம் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. இந்த முறை நாமே கேட்டுக்கொள்ளலாம்.

பீலிக்கரை | ஜனவரி 18

வெளிநாட்டில் இப்படி ஏதும் நடந்திருக்கிறதா என்று கேட்டவருக்கு: நடந்திருக்கிறது. இத்தாலிய இசையமைப்பாளர் விவால்டியின் 'நான்கு பருவங்கள்' என்ற இசை 1725-இல் அச்சானது. அதைக் காலநிலைத் தரவுகளை வைத்து மாற்றி 2019-இல் ஜெர்மனியின் ஹம்பேர்க்கில் ஓர் இசைக்குழு வாசித்தது. பிறகு 2050-ஐ மனதில் வைத்து ஒவ்வொரு நகரத்துக்கும் ஒரு வடிவம் என்று இன்னொரு திட்டமும் வந்தது.

எனக்கு அதில் பிடித்தது தொழில்நுட்பம் இல்லை. கேட்கிறவர்களுக்கு மூல மெட்டு மனப்பாடம், அதனால் எங்கே உடைகிறது என்று உடனே தெரிந்துவிடுகிறது. தெரிந்த ஒன்று மாறினால்தான் மாற்றம் காதில் விழும். அப்படியானால் நம் சனத்துக்கு மனப்பாடம் எது? கச்சான் காற்றின் காலம், வாடையின் காலம், மாரியம்மன் தாலாட்டு, மன்மதன் கதையை ஆடுகிற காமன் கூத்தின் தப்பு. அங்கிருந்துதான் நாம் தொடங்க வேண்டும். கதைக்குப் பின்னால் இருட்டான கீபோட் இசையை இழுத்துவிட்டால் அது எந்த ஊர்ச் சத்தமும் இல்லை.

பீலிக்கரை | ஜனவரி 19

தப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக. இது எனக்கு மிகவும் வேண்டிய விஷயம்.

தப்பு அடிக்கும் முன் நெருப்புக் காட்டுவார்கள். காய்ந்த தேயிலை மிலாறு (குச்சி), பழைய பேப்பர், எது கிடைக்கிறதோ அதைக் கொளுத்தித் தோலைச் சுற்றிச் சுற்றிக் காய்ச்சுவார்கள். நடுவிரலால் தட்டிப் பார்ப்பார்கள். முதலில் "தொப்" என்று ஈரச் சாக்கைத் தட்டுகிற மாதிரி வரும். காயக் காயத் தோல் இறுகும், சுருதி ஏறும். "டண்" என்று எதிர் மலையில் பட்டுத் திரும்பும்போதுதான் எழுந்து தோளில் மாட்டுவார்கள். சாரல் நாளில் அது அதிக நேரம் நிற்காது. ஈரக் காற்று தோலுக்குள் இறங்கியதும் சுருதி விழும், மறுபடியும் நெருப்பு.

ஒரு தப்புக் கலைஞரை ஈரக் காற்றில் வைத்து அடிக்கச் சொல்லி, நெருப்புக் காட்டாமலே பதிவு செய்தோம். அடி மாறவே இல்லை. அவர் கை அதே வேகம். ஆனால் குரல் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே போய்க்கொண்டே இருந்தது. கேட்டுக்கொண்டிருந்த பிள்ளைகளில் ஒருத்தி, "சேர், தப்புக்குத் தடுமன் பிடிக்குது" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் அவளே கேட்டாள்: "மழை நிக்காம பெய்ற காலம் வந்தா காமனுக்கு எப்படி அடிப்பாங்க?"

எங்கள் கதையின் முதல் காட்சி அந்தக் கேள்விதான். காற்றில் ஈரம் எவ்வளவு என்பதை எந்த எண்ணும் சொல்லாமல் கேட்கிறவருக்குத் தப்பு சொல்லிவிடுகிறது. கதை முழுக்க அது கீழே ஓடுகிறது. வறட்சிக் காட்சிகளில் சுருதி உச்சியில், தோல் கிழியுமோ என்கிற மாதிரி. மழைக் காட்சிகளில் தொய்ந்து.

பீலிக்கரை | ஜனவரி 20

மேலே எழுதியதில் விட்டுப்போனது: எங்கே, எப்போது கேட்பார்கள் என்பதையும் யோசிக்க வேண்டும். தகரக் கூரையில் மழை அடித்தால் பக்கத்தில் இருக்கிறவர் பேசுவதே கேட்காது, கதை எங்கே கேட்கும்? மழைநாள் மாலைதான் எல்லோரும் வீட்டில் இருக்கிற நேரம், அதே நேரத்தில்தான் ஒலி தோற்றுப்போகிறது. அதனால் துண்டுகளைச் சிறியதாக வைத்தோம். மழை விடுகிற இடைவெளியில் கேட்டு முடித்துவிடலாம். இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) தேத்தண்ணியோடு உட்கார்ந்து கேட்கிற அளவு. ஒருவர் கேட்டு இன்னொருவருக்குத் தன் வாயால் சொல்வதையும் கணக்கில் எடுத்தோம். அப்படிச் சொல்லும்போது கதை மாறும், மாறட்டும்.

பீலிக்கரை | ஜனவரி 25

சாரல் மறுபடியும் கேட்டிருக்கிறார்: "தவளைச் சத்தத்தை எதற்கு மணிக்கணக்காகப் பதிவு செய்கிறீர்கள்?"

அமெரிக்காவில் பெர்னி க்ரௌஸ் என்று ஓர் ஒலிப்பதிவாளர். கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலையில் லிங்கன் மெடோ என்ற இடத்தை 1988-இல் பதிவு செய்தார். அங்கே காட்டை அழிக்காமல் இடையிடையே சில மரங்களை மட்டும் வெட்டப் போவதாகவும், அதனால் ஒன்றும் பாதிப்பு வராது என்றும் மரக் கம்பனிக்காரர்கள் சொன்னார்கள். வெட்டிய பிறகு, அடுத்த வருடம் அதே காலத்தில் போய் மறுபடியும் பதிவு செய்தார். கண்ணுக்குக் காடு அப்படியே இருந்தது. காதுக்கு ஓடையும் ஒரு மரங்கொத்தியும்தான் மிச்சம்.

நம் மலைக்காட்டுப் புதர்த் தவளைகள் இதைவிட மென்மையானவை. அவற்றுக்குத் தலைப்பிரட்டைப் பருவமே கிடையாது, முட்டைக்குள்ளிருந்து நேரே குட்டித் தவளை வரும். அதற்கு இலைச்சருகிலும் மண்ணிலும் ஈரம் வேண்டும். ஈரம் காய்ந்தால் முட்டையும் காயும். ஏற்கெனவே இந்த இனத்தில் பல வகைகள் இலங்கையிலிருந்து மறைந்துவிட்டன. ஒரு வகை, 1853-இல் விவரிக்கப்பட்டு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் யார் கண்ணிலும் படாமல் இருந்து, 2009-இல் சிவனொளிபாதமலைக் காட்டில் மறுபடியும் கிடைத்தது.

கதையில் எதிர்காலக் காட்டைக் கேட்க வைக்க இன்றைய காடு கையில் இருக்க வேண்டும். பதிவிலிருந்து ஒவ்வொரு குரலாக எடுத்துவிட்டுக் கேட்க வைக்கிறோம். எது போனது என்று பாட்டிமார் சட்டென்று சொல்கிறார்கள், பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். அந்த வித்தியாசமே எனக்குப் பெரிய செய்தி.

பீலிக்கரை | பெப்ரவரி 8

கதையைச் சொல்லுங்கள் என்று பலர் கேட்டுவிட்டார்கள். முழுக்கச் சொல்லாமல் கொஞ்சம்.

வருடம் 2060. கீழ் மலைகளில் தேயிலை இல்லை, பாதி மரமாக வளர்ந்து கிடக்கிறது, பாதி கிழங்கும் மரக்கறியும். பெரிய வறட்சி. மவுசாகலை நீர்த்தேக்கம் வற்றிவிட்டது. அது இப்போதும் வற்றும்போது, தண்ணீருக்குள் போன பழைய மஸ்கெலியாவின் வழிபாட்டுத் தலங்கள் வெளியே தெரியும். ஆட்கள் போய்ப் பார்ப்பார்கள். கதையில் தண்ணீர் திரும்பி வரவே இல்லை, பழைய ஊருக்கு ஆட்கள் குடிபோகிறார்கள். பிறகு ஒரு நாள் மழை வருகிறது, நிற்காமல். கதாநாயகி ஊரின் மழைக்காவல்காரி. இரவில் கண்விழித்து ஓடையின் சத்தத்தைக் கேட்பது அவள் வேலை, அதற்குச் சம்பளம் உண்டு. முனியாண்டி, ரோதமுனி என்று தோட்டத்தில் ஒவ்வொன்றுக்கும் காவல்சாமி இருக்கிறதே, அவர்கள் எல்லோரும் வேலையை அவளிடம் ஒப்படைத்துவிட்டதாக ஒரு பையன் எழுதினான். அருமையான பையன்.

எல்லாவற்றையும்விட என்னைப் பிடித்து நிறுத்தியது வேறு ஒரு சத்தம். "2060-இல் காலையில் என்ன கேட்கும்?" என்று எழுதச் சொன்னோம். பறவை, ரோபோ, வெள்ளம் எல்லாம் வந்தன. ஒரு பிள்ளை எழுதியது: மோட்டார் சைக்கிள் வந்து நிற்கிறது, தபால்காரர் ஒரு வீட்டு இலக்கத்தைச் சொல்லிக் கூப்பிடுகிறார், கதவு திறக்கிறது.

கடிதம் தோட்டத்து ஒபீசுக்குப் போய், அங்கிருந்து யாராவது கொண்டுவந்து தந்தால்தான் உண்டு என்று வளர்ந்தவர்களுக்கு இது எவ்வளவு தூரத்துக் கனவு என்று தெரியும். அதைக் கதையின் நடுவில் வைத்தோம். பின்னணி இசை எதுவும் போடவில்லை.

பீலிக்கரை | பெப்ரவரி 9

சாரல்: "அழகாக இருக்கிறது. ஆனால் ஆறுதல் சொல்லி மயக்குகிற கதை. இலக்கம் போட்ட வீடு 2060-இல் தானாக வந்துவிடுமா?"

இதை இரவெல்லாம் யோசித்தேன். சாரல் சொல்வதில் பலம் இருக்கிறது. தோட்டக் குடும்பத்துக்கு 7 பேர்ச் (பேர்ச் ஒரு சிறு நில அளவு) காணியில் ஒரு வீடு என்ற திட்டத்துக்கே பெயர் எழுதிவிட்டுக் காத்திருக்கிறவர்கள் எத்தனை பேர்! காணி இல்லாதவருக்கு "பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள்" என்றால் எங்கே போவது? புயலும் மழையும் எல்லோருக்கும் பொதுவாகப் பெய்கிறது என்பார்கள். சரிவின் அடியில் யாரைக் குடிவைத்தார்கள் என்பது பொதுவானது இல்லை.

ஆகவே கதையை மாற்றுகிறோம். வீட்டு இலக்கம் எப்படி வந்தது என்று ஒரு முழு அத்தியாயம். கூட்டம், மனு, சண்டை, பத்திரம், பத்திரத்தில் அம்மாவின் பெயரா அப்பாவின் பெயரா என்ற வாக்குவாதம் உட்பட. பிள்ளைகள் வீட்டில் பேட்டி எடுக்கிறார்கள். தாத்தாமார் பேசத் தொடங்கினால் நிறுத்துவதில்லை. நன்றி சாரல், இது உங்கள் அத்தியாயம்.

பீலிக்கரை | பெப்ரவரி 22

காமன் கூத்துக்குக் கம்பம் நட்டுவிட்டார்கள். மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறை, வழக்கம்போல. இனி எரிக்கிற வரை லயத்தில் தூக்கம் குறைவு.

"பயங்கரத்தைச் சொன்னால் சனம் உடைந்துபோகும்" என்று எழுதிய அக்காவுக்கு இதையே பதிலாகத் தருகிறேன். காமன் கூத்தில் மன்மதனை எரிக்கிறோம். ரதி புலம்புகிறாள். அந்த ஒப்பாரியைப் பெண்கள் தங்கள் வீட்டுச் சாவையும் சேர்த்துத்தான் அழுகிறார்கள். பிறகு அவனை எழுப்புகிறோம். எரிவதையும் அழுவதையும் எழுப்புவதையும் ஒரே கதைக்குள் ஊரோடு சேர்ந்து செய்கிற சனம் இது. எதிர்காலக் கதையும் அதே ஒழுங்கில் போகலாம்: போனதைச் சொல்லி அழ ஓர் இடம், அதன் பிறகு ஒரு விடியல். எங்கள் கதையில் காய்ந்துபோன ஊற்றுக்கு ஓர் ஒப்பாரி இருக்கிறது. பாடியவர் ஓர் ஆச்சி. எழுதிக்கொடுத்ததைப் பார்க்கவே இல்லை, "பீலி செத்துருச்சுன்னா எனக்குத் தெரியாதா எப்படி அழுறதுன்னு" என்று கேட்டுவிட்டுத் தானே பாடினார்.

ஒன்றை மட்டும் கவனமாகப் பார்த்துக்கொள்கிறோம். நவம்பரில் சொந்தங்களை இழந்த வீட்டுப் பிள்ளைகள் இருக்கிற இடத்தில் மண்சரிவுக் காட்சியைப் போடுவதில்லை. அவர்களுக்கு அது எதிர்காலம் இல்லை.

பீலிக்கரை | மார்ச் 5

"பிரசாரப் பாட்டு கலை ஆகாது" என்று ஒரு வாதம் மேலே ஓடியிருக்கிறது. தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் கட்டிய கோ. நடேசையரும் அவர் மனைவி மீனாட்சி அம்மையாரும் தோட்டம் தோட்டமாகப் போனபோது அம்மையார் பாடித்தான் கூட்டம் சேர்ந்தது. தொழிலாளர் துயரத்தை எல்லோரும் பாடக்கூடிய மெட்டில் தந்தார். கூட்டத்துக்கு வராதவரும் பாட்டைக் கேட்டார்.

மண்சரிவு எச்சரிக்கைக்கு மூன்று படி இருக்கிறது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை என்றால் விழிப்பாக இருக்க வேண்டும், 100 என்றால் வெளியேறத் தயார், 150 என்றால் வெளியேற வேண்டும். இதைச் சுவரில் ஒட்டினால் யாரும் படிக்கமாட்டார்கள். பிள்ளைகள் கும்மியாகக் கட்டினார்கள்:

போத்தலிலே மழையளந்தோம் கும்மியடி – நம்ம
பொழுது விடியுமுன்னே கும்மியடி
எழுபத்தஞ்சு தொட்டுதுன்னா கண்ணுறங்காதே – அடி
எதிர்மலையின் சத்தத்தையே காது மறக்காதே
நூறு தொட்டு நின்னுதுன்னா மூட்டை கட்டடி – தொட்டில்
நூலவுத்துப் புள்ளையத்தான் தோளில் கட்டடி
நூத்தம்பது காணுமட்டும் நிக்க வேணாண்டி – சாமி
நூறு இருந்தாலும் ஒன்ன விட்டா கெடைக்காதடி

கடைசி வரி ஒரு பிள்ளையின் அம்மா சேர்த்தது. நான் கைவைக்கவில்லை.

போத்தல் நேரான சுவர் உள்ளதாக இருக்க வேண்டும். கழுத்தை வெட்டி, வெட்டவெளியில் வைத்து, உள்ளே நிற்கிற தண்ணீரின் உயரத்தை அடிமட்டத்தால் அளந்தால் போதும். அடி குழிந்திருந்தால் முதலில் குழி மூடும்வரை தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தில் கோடு போட்டு, அங்கிருந்து அளக்க வேண்டும்.

பீலிக்கரை | மார்ச் 8

கும்மியை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பாடலாம், மெட்டை மாற்றலாம். எண்களை மட்டும் மாற்றாதீர்கள்.

பதிவு அனுப்புகிறவர்களுக்கு: வாட்ஸ்அப்பில் குரல் செய்தியாக அனுப்பினால் மெல்லிய சத்தங்கள் அடிபட்டுப் போகும். ஒலிக்கோப்பை ஆவணமாக இணைத்து அனுப்புங்கள். போனை உள்ளங்கையில் பிடிக்காமல் ஒரு துணியின் மேல் வையுங்கள், மைக்குக்குக் காற்றுப் படாமல் ஒரு மெல்லிய பஞ்சு போதும். இடம், திகதி, நேரம், மழை இருந்ததா என்பதைத் தொடக்கத்தில் வாயாலேயே சொல்லிவிடுங்கள்.

ஊவாப் பக்கத்துப் பதிவுகள் குறைவாக இருக்கின்றன. மடுல்சீமை, ஹப்புத்தளை, பசறையில் இருக்கிறவர்கள் விடியற்காலை ஓடைச் சத்தம் ஒன்று அனுப்பினால் உதவியாக இருக்கும். சாரல், உங்கள் தோட்டத்து ஓடையும் வேண்டும்.